ஆர்டருக்குள் ஸ்டைல், ஸ்டைலுக்குள் சைஸ்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர் மென்பொருள் எழுதுகிறேன். நோட் ஜேஎஸ், டேட்டாபேஸோடு பேச சீக்வலைஸ் என்ற நூலகம். ஒரு ஆர்டரில் பல ஸ்டைல், ஒவ்வொரு ஸ்டைலிலும் பல சைஸ். ஆர்டரை எடுக்கும்போது ‘இன்க்ளூட்’ (கூடவே எடுக்க வேண்டியவை) பட்டியலில் ஸ்டைல், சைஸ் இரண்டையும் எழுதினால், ஆர்டருக்கும் சைஸுக்கும் தொடர்பு இல்லை என்று பிழை வருகிறது. சைஸை நீக்கிவிட்டால் பிழை போகிறது, ஆனால் ‘ஆர்டர்.ஸ்டைல்ஸ்.சைசஸ்’ என்று கேட்டால் ‘அன்டிஃபைன்டு’ (அப்படி ஒன்று இல்லை) என்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, திருப்பூர்

பதில்: பிழைச் செய்தி உண்மையைத்தான் சொல்கிறது. உங்கள் சைஸ் அட்டவணையில் இருப்பது ஸ்டைலின் ஐடி, ஆர்டரின் ஐடி அல்ல. ஆர்டருக்குச் சைஸைத் தெரியாது, ஸ்டைலைத்தான் தெரியும். ஆகவே சைஸை ஸ்டைலுக்குப் பக்கத்தில் எழுதக் கூடாது. ஸ்டைலின் இன்க்ளூடுக்கு உள்ளே இன்னொரு இன்க்ளூடாக எழுதுங்கள்.

முதலில் உறவுகளைச் சரிபாருங்கள். ஆர்டர் ‘ஹேஸ்மெனி’ (பல உண்டு) ஸ்டைல், ஸ்டைல் ‘பிலாங்ஸ்டூ’ (இதற்குச் சொந்தம்) ஆர்டர். ஸ்டைலுக்கும் சைஸுக்கும் அதே ஜோடி. இரண்டு பக்கமும் ஒரே ‘ஃபாரின் கீ’ (எதற்குச் சொந்தம் என்று காட்டும் ஐடி பத்தி) பெயரைக் கொடுங்கள். ஓர் எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ மாறினாலும் அதை வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும். ‘ஆஸ்’ போட்டு உறவுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் இன்க்ளூடிலும் அதே பெயரைத் திரும்ப எழுத வேண்டும். எல்லா மாடலையும் (ஓர் அட்டவணையைக் குறிக்கும் நிரல் பகுதி) ஏற்றி முடித்த பிறகு, ஒரே கோப்பில் உறவுகளை அறிவியுங்கள். ஒரு மாடல் கோப்பு இன்னொன்றை இழுக்க, அது இதைத் திரும்ப இழுத்தால், ஹேஸ்மெனி கூப்பிடும் நேரத்தில் அந்த மாடல் காலியாக இருக்கும்.

அப்புறம் அந்த அன்டிஃபைன்டு. ஸ்டைல்ஸ் என்பது ஒரு பட்டியல். பட்டியலுக்குச் சைஸ் கிடையாது, அதில் உள்ள ஒவ்வொரு ஸ்டைலுக்கும்தான் உண்டு. ‘ஆர்டர்.ஸ்டைல்ஸ்[0].சைசஸ்’ என்று கேட்டுப் பாருங்கள், வரும். எல்லாச் சைஸும் ஒரே பட்டியலாக வேண்டுமானால் ‘ஃபிளாட்மேப்’ போதும். ‘கெட்சைசஸ்’ என்று தனியாகக் கேட்கவும் வழி உண்டு, பதில் வரும்வரை காத்திருக்க ‘அவெய்ட்’ போட மறக்காதீர்கள். ஆனால் 8 ஸ்டைல் இருந்தால் 8 தடவை டேட்டாபேஸுக்குப் போய் வரும். திரையில் எல்லாவற்றையும் காட்டப்போகிறீர்கள் என்றால் அது வேண்டாம்.

இந்த இடத்தில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு பேக்கிங் லிஸ்ட் எழுதியபோது, எக்ஸ்எல் சைஸை மட்டும் காட்ட உள் இன்க்ளூடில் ‘வேர்’ நிபந்தனை போட்டேன். எக்ஸ்எல் இல்லாத ஸ்டைல்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விட்டன. அட்டைப்பெட்டிகளை எண்ணிய பெண்தான் ஸ்டைல் குறைகிறது என்று கண்டுபிடித்தார். அவர் கவனிக்காவிட்டால் தப்பான தாள் பையருக்குப் போயிருக்கும். நிபந்தனை வைத்தால் சீக்வலைஸ் அந்த உறவைக் கட்டாயமாக்கிவிடுகிறது, இணைப்பு ‘இன்னர் ஜாயின்’ (இரண்டு பக்கமும் பொருந்தும் வரிசைகள் மட்டும்) ஆகிறது. பக்கத்தில் ‘ரிக்வையர்டு: ஃபால்ஸ்’ என்று எழுதினேன். ஸ்டைல்கள் திரும்பி வந்தன, சிலவற்றில் சைஸ் பட்டியல் மட்டும் காலியாக.

வேகமும் உங்களுக்கு ஒருநாள் பிரச்சினையாகும். 8 ஸ்டைல், ஒவ்வொன்றிலும் 6 சைஸ் என்றால் ஒரே ஆர்டருக்கு 48 வரிசைகள் வரும். அதே டேட்டாபேஸ் கேள்வியில் (குவெரி) அந்த ஆர்டரின் 4 பணவரவுகளையும் சேர்த்தால் 192. அப்போது பணவரவுக்கு ‘செப்பரேட்: ட்ரூ’ கொடுங்கள், அதைத் தனிக் கேள்வியாகப் போய் எடுத்துவரும். இது ஹேஸ்மெனி உறவுக்கு மட்டும்தான் செல்லும். அங்கே வேண்டிய பத்திகளை மட்டும் ‘ஆட்ரிப்யூட்ஸ்’ கொடுத்துத் தேர்ந்தெடுத்தால், ஃபாரின் கீயையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. எந்தப் பணவரவு எந்த ஆர்டருக்கு என்று பொருத்துவது அதை வைத்துத்தான்.