உளவியல் பட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்திய மலேசியத் தேர்வு) எழுதிய என் மகள் உளவியல் படிக்க விரும்புகிறாள். பட்டம் பெற்றவுடன் மருத்துவமனையில் வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் மகள் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளராகிவிட முடியாது. அதற்கு அத்துறையில் முதுகலையும், மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைச் சந்தித்துப் பெறும் பயிற்சியும் வேண்டும். நம் நாட்டில் அத்தொழில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகிறது. உளவள ஆலோசகராகப் (கவுன்சிலர்) பணிபுரிய 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டப்படி பதிவு தேவை என்பதால், அதில் நாட்டமிருந்தால் தொடக்கத்திலேயே ஆலோசனைத் துறைப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது சுற்றுவழியைக் குறைக்கும். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவரோ எம்.பி.பி.எஸ். வழியில் வருபவர், பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இளங்கலையோடு நிற்பவர்களுக்கு மனிதவளம், சந்தை ஆய்வு, சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள் ஆகியவற்றில் வாய்ப்புண்டு. சேருமுன் பாடப்பட்டியலை மகளோடு அமர்ந்து பாருங்கள்: ஆய்வுக்கான வினாப்படிவங்களில் நிரப்பப்பட்ட விடைகளை எண்களாக்கிக் கணினியில் அலசும் புள்ளியியல் பாடம் அதில் கட்டாயம் இருக்கும், கணக்கென்றால் ஒதுங்குபவர்கள் திணறுவது பெரும்பாலும் அதில்தான். தனியார் கல்லூரியென்றால், அந்தப் பட்டத்துக்கு எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் உள்ளதா என்பதையும் கட்டணம் செலுத்துமுன் சரிபார்த்துவிடுங்கள்.