எழுத்துரு அனுப்பிய அக்கா – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பழைய இணையத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு 24 வயது. போனில் பேசினாலே தமிழில் எழுத்தாகி வருகிறது. அன்று எழுத்துருகூட ஒழுங்காக இல்லை என்கிறீர்கள். அப்படி எதை இழந்துவிட்டோம்? உங்கள் இளமையைத்தான் இணையம் என்று சொல்கிறீர்களோ? அப்புறம் ஒரு செய்தி: தாத்தாவின் பெட்டியில் கிடைத்த பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பி,

இளமை ஏக்கமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எழுத்துரு சரியாக இல்லாததால்தான் எனக்கு இணையத்தில் முதல் நட்பே கிடைத்தது.

1999-இல் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 60 ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். தமிழ்ப் பக்கம் என்று திறந்தால் தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தன. ஆளுக்கொரு குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறை, வைத்திருந்த காலம் அது. ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க அதற்குரிய எழுத்துரு வேண்டும். அங்கே இருந்த முகவரிக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் டொரண்டோவிலிருந்து பதில் வந்தது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழுத்துருவை இணைத்து, அதை எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தார். கடைசி வரியில், “மெய்ப்புப் பார்க்க நேரமிருக்குமா தம்பி?”

மதுரைத் திட்டம் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைக்க, 1998 பொங்கலன்று தொடங்கிய வேலை அது. சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒரு நாட்டில் ஒருவர் பழந்தமிழ் நூலைத் தட்டச்சு செய்வார், வேறொரு நாட்டில் இன்னொருவர் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். இரண்டு பேர் பெயரும் நூலின் முகப்பிலேயே இருக்கும். எனக்கு வந்தவை ஒரு சிற்றிலக்கியத்தின் சில பக்கங்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்திருந்ததை மூன்று இரவு தேடித் தேடித் திருத்தினேன்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றமாக யூனிகோடு வந்தது பெரிய வரம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இன்று படிக்க யாருடைய உதவியும் தேவைப்படுவதில்லை. அன்று உதவி கேட்காமல் உள்ளேயே வர முடியாது, வந்தவர் அடுத்து வந்தவருக்கு உதவினார். நாங்கள் நாற்பது பேர் இருந்திருப்போம். ஒரு சொல்லின் பொருளுக்காக வெள்ளிக்கிழமை கடுமையாகச் சண்டை போடுவோம். திங்கட்கிழமை என் பக்கங்களை அதே ஆள்தான் திருத்தித் தர வேண்டும். அதனால் சண்டை ஓர் எல்லையைத் தாண்டாது. நான் ஏங்குவது அதற்குத்தான்.

நிஜமாகவே அழிந்துபோனவையும் உண்டு. இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26-இல் மூடப்பட்டது, மின்னஞ்சலில் கூடி விவாதித்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15-இல். எங்கள் விவாதங்களில் பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. மதுரைத் திட்டத்தின் நூல்கள் இருக்கின்றன. முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் பகிரலாம் என்று அவர்கள் விட்டதால் அவை பல கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

சரி, தாத்தாவின் புத்தகத்துக்கு வருவோம். பதிப்பித்த ஆண்டும் அச்சகத்தின் ஊரும் பார்த்து எழுதுங்கள். பழைய அச்சு என்றால் ஸ்கேன் படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் எழுத்துகளை மாற்றி வாசிக்கும், குறிப்பாகத் துணைக்காலை. முதல் இருபது பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.