தள்ளுபடி யார் கையில்?

மார்கழிக் காலையில், காரைக்குடியில் திருமுறை ஓதி முடித்தபின், அன்பர்கள் தாளில் எழுதித் தந்த கேள்விகளும் நான் சொன்ன விடைகளும் இவை. நாற்பது ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பவன் நான். விடைகளில் பேரேட்டு வாடை வீசினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தேவகோட்டை அன்பர்: இறைவன் கருணைக் கடல் என்றால், செய்த பாவத்தை ஒரு நொடியில் மன்னித்துவிடலாமே, வினையை ஏன் அனுபவிக்க வைக்கிறான்?

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த ஆசிரியர்கள் வினையை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், குரு அளிக்கும் தீக்கையால் தொலையும். இந்த உடம்போடு வந்த பிராரத்தம் நுகர்ந்தே தீர வேண்டும். இனி ஏறப்போகும் ஆகாமியம் ஞானத்தால் ஏறாமல் நிற்கும். ஆக, பழைய பாக்கியின் பெரும்பகுதியை அருள் தள்ளிவிடுகிறது என்பதே நம் சமயத்தின் துணிபு. மிச்சத்தை நுகரச் செய்வதும் பகையால் அன்று. அதற்கு மறக்கருணை என்று பெயர். கசப்பு மருந்தை மூக்கைப் பிடித்துப் புகட்டும் தாயின் கை அது.

கண்டனூர் ஆச்சி ஒருவர்: பங்காளி வீட்டுச் சொத்தில் என் கணவர் நியாயமாக நடக்கவில்லை, எனக்கும் அது தெரியும். பழனிக்கு நடந்துபோய்க் காவடி செலுத்தினால் தீருமா?

ஆச்சி, சுந்தரர் கதையை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் அதை மெதுவாக மறுபடி பார்ப்போம். திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்கு, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் செய்து கொடுத்த சபதத்தை மீறி அவர் திருவாரூருக்குப் புறப்பட்டதும் இரு கண்ணும் போயின. தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவருக்கே இந்த நிலை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. இடக்கண் காஞ்சியில் வந்தது. வலக்கண் வருவதற்கு ஆரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. மன்னிப்பும் தவணையில் வரும் போலும் என்று நான் வகுப்பில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

நான் காட்ட விரும்புவது அதற்கு அடுத்த பகுதியை. கண் கிடைத்த பிறகும், சங்கிலியாரை மணந்ததால் ஊடிய முதல் மனைவி பரவையார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. சிவபெருமான் நினைத்திருந்தால் அவர் மனத்தை ஒரு கணத்தில் மாற்றியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் தூதாக நடந்தார். முதல் முறை பரவையார் மறுத்துவிட்டார், இரண்டாம் முறை போன பிறகே இசைந்தார். மனம் நொந்தவர் மன்னிக்க வேண்டிய இடத்தில் ஆண்டவனே கேட்டுத்தான் பெற்றான்.

கடன் கொடுத்தவர் ஒருவர் இருக்க, வேறொருவர் தள்ளுபடி எழுதினால் அந்த ஏடு செல்லாது. காவடி முருகனுக்கு, நல்லபடியாக எடுங்கள். பங்காளிக்கு உரியது பத்திரத்தில் இருக்கிறது. முதலில் அந்த வீட்டுப் படியேறுங்கள். முதல் முறை கதவு திறக்காமலும் போகலாம்.

செக்காலை ஆசிரியர்: நாங்கள் கத்தோலிக்கர், குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் மன்னிப்பு உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. அது தவறா?

தவறென்று சொல்ல நான் யார்? ஆனால் உங்கள் நற்செய்தியிலேயே சக்கேயு என்ற வரி வசூலிப்பவர், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகுதான், மீட்பு அந்த வீட்டுக்கு வந்ததாக இயேசு அறிவிக்கிறார்.

கல்லூரி மாணவர்: நரகம், மறுபிறப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு நான் ஏன் நல்லவனாக வாழ வேண்டும்?

தம்பி, இந்தக் கேள்விக்குப் புறநானூற்றின் 134ஆம் பாட்டிலேயே விடை இருக்கிறது. இப்பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் போடுபவனை ஏணிச்சேரி முடமோசியார் "அறவிலை வணிகன்" என்கிறார். ஆய் என்னும் வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன், சான்றோர் நடந்த வழி இது என்பதால் கொடுத்தான் என்கிறார். வணிகத்தில் ஊறிய நம் ஊரில் இந்தச் சொல் சுருக்கென்று தைக்க வேண்டும். நம் முன்னோர் வட்டிக் கடையின் வரவில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிக் கோயிலும் சத்திரமும் கட்டினார்கள். அவர்களில் புண்ணியத்துக்கு வட்டி எதிர்பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். காசிச் சத்திரத்தில் இறங்கிய யாத்திரிகருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது, கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். நரகத்துக்கு அஞ்சி நல்லவனாக இருப்பவனைவிட உங்களுக்கு வேலை கடினம், அவ்வளவுதான்.

பள்ளத்தூர் அன்பர்: திருவிளையாடலில் தந்தையைக் கொன்ற மாபாதகனையே சொக்கநாதர் மன்னித்தாரே, நேர்மையாக வாழ்ந்தவன் ஏமாளியா?

அந்தப் பாதகனுக்கு ஆலவாயில், அதாவது மதுரையில், கிடைத்தது வெறும் மன்னிப்பன்று. பிச்சை ஏற்று ஒருவேளை உண்பது, பசுக்களுக்குப் புல் அளிப்பது, அங்கப்பிரதட்சிணம் செய்வது என்று உடம்பு நோகும் வேலைகள் கிடைத்தன. உய்ய வேறு வழியே இல்லாதவனைக் காப்பதே காப்பு என்ற கருத்தில், இவனுக்கு ஏன் அருள் என்று கேட்ட அம்மைக்கு இறைவன் விடை சொல்கிறான். நேர்மையாக வாழ்ந்தவருக்கு அந்த வாசலில் போய் விழ வேண்டிய நிலையே வரவில்லை. இதில் அவர் இழந்தது என்ன?

பெயர் குறிப்பிடாதவர்: என் மாமியாரைக் கடைசிக் காலத்தில் சரியாகப் பார்க்கவில்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்பன்று சேலை வைத்து வணங்குகிறேன். இறந்தவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

இந்தக் கேள்விக்கு நூலிலிருந்து விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் வேலை பார்த்த கடையில் ஒருநாள் 37 ரூபாய் குறைந்தது. பெட்டியடிப் பையன் மேல் நான்தான் பழி சொன்னேன். அவன் அழுதுகொண்டே ஊருக்குப் போனான். ஆண்டு முடிவில் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, எடுக்கும்போது, தவறு என் கூட்டலில் இருந்தது தெரிந்தது. தேடிப் போனபோது அவன் காய்ச்சலில் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவன் தாயாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை; குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

நீங்கள் சேலை வையுங்கள்; அதை உடுத்தும் வயதில் உங்கள் தெருவில் பார்ப்பார் இல்லாமல் ஒரு முதியவள் இருந்தால் அவளையும் போய்ப் பாருங்கள். அதனால் மாமியார் கணக்கு நேராகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். என் சொந்தப் பேரேட்டில் அந்தப் பையன் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதுக் கணக்கு எழுதும்போது அந்த 37 ரூபாயை அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோகிறேன்.