வந்தவர்கள் மறுவாரம் வராவிட்டால் மண்டபத்தைப் பாருங்கள்

ஆட்டிசக் குடும்பங்களுக்காக ஞாயிறுதோறும் கூட்டம் நடத்துகிறோம், ஒருமுறை வந்தவர்கள் திரும்ப வருவதில்லை என்கிறீர்கள். பேச்சாளரை மாற்றும் முன் மண்டபத்தைப் பாருங்கள். மைக்கின் கீச்சொலியும் மினுங்கும் டியூப்லைட்டும் போதும், குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடும். அம்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடி பின்னால் ஓடுவார். மைக்கே வேண்டாம். பக்கத்து அறையில் பாய் விரித்து, விளக்கை அணைத்து வையுங்கள். குழந்தை அங்கே போய்வர யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஒரு மேசை போட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையான யுடிஐடிக்கும், நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். பிள்ளைக்கு 18 வயதுக்குமேல் சட்டப்பூர்வப் பாதுகாவலர் தேவைப்பட்டால் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் பலருக்கு இது தெரியாது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களையும் தயவுசெய்து ஏற்பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.