கதைதானே? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். போன வாரம் உங்கள் நாவல். தக்கோலம் போர் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மற்றதில்தான் சண்டை. சோழ இளவரசனின் படைத்தலைவன் ஓர் உப்பளத்துப் பெண்ணுக்காகப் போருக்குப் போகாமல் நின்றான் என்று எழுதியது வரலாற்றைக் கொச்சைப்படுத்துகிறது என்றார் ஒரு நண்பர். பிறகு துறவியாகி மடத்தில் அமர்ந்தவருக்குக் காதல் எதற்கு என்றார் இன்னொருவர். இரண்டு தோழிகளுக்குக் காதல்தான் பிடித்தது, கல்வெட்டு வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தார்களாம். மகிழமரம் பேசுவது சின்னப்பிள்ளைக் கதை மாதிரி இருக்கிறது என்றும் பேச்சு வந்தது. எனக்கு நாவல் ரொம்பப் பிடித்தது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. “கதைதானே, விடுங்க” என்று சொல்லி முடித்துவிட்டேன்.

கடைசியில் அந்தப் பெண் என்ன ஆனாள் அம்மா? இரண்டாம் பாகம் வருமா?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

ஒரு நாவலுக்காக ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சண்டை போட்டிருக்கிறீர்கள். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. கல்வெட்டுப் பக்கங்களைத் தாண்டிப் போன தோழிகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொடர்கதை படித்து வளர்ந்த நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள், கதை அவர்களிடம் பத்திரமாகத்தான் இருந்தது. துறவிக்குக் காதல் எதற்கு என்றவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. துறக்க ஏதாவது இருந்தால்தானே ஒருவர் துறவி ஆவார்?

என்னை உறுத்தியது நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அங்கே என் பக்கம் நின்ற ஒரே ஆள் நீங்கள். நீங்களே “கதைதானே” என்று என்னைக் கைவிட்டுவிட்டீர்கள். எதிர்த்துப் பேசியவர்கள்கூட நாவலை அவ்வளவு சின்னதாக்கவில்லை. கொச்சை என்று கோபப்பட்ட நண்பர் அதைப் பொருட்படுத்தித்தான் கோபப்பட்டார்.

அவர் கோபத்துக்கே வருகிறேன். உங்கள் ஊரிலிருந்து மெட்ரோ ஏறினால் சில நிமிடங்களில் திருவொற்றியூர் தேரடி. அந்தக் கோயிலில் ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்பவன் பராந்தகச் சோழனின் மகன் இராசாதித்தனுக்கு நெருக்கமானவன். 949-இல் தக்கோலத்தில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று வல்லபன் மனம் நொந்துபோனான். கங்கையில் நீராடிவிட்டு ஒற்றியூருக்கு வந்தான், நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கிச் சதுரானன பண்டிதர் ஆனான். இதெல்லாம் கல்லில் இருக்கிறது. தக்கோலத்தில் வென்றது யார்? இதே கிருஷ்ணனின் படைதான். தன் தலைவனைக் கொன்ற படைக்கு எவன் அரசனோ, அவனுடைய ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அந்த மனிதர் கோயிலுக்குத் தர்மம் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலைவன் விழுந்தபோது பக்கத்தில் இல்லாமல் போனதை அவர் மறைக்கவில்லை, கல்லிலேயே வெட்டிவைத்தார். ஆயிரம் வருடம் கழித்து அவருக்காக நாம் ஏன் அதை மூடிவைக்க வேண்டும்? வீரத்துக்கு இழுக்கு என்று உங்கள் நண்பர் சொல்வதை அந்தக் கல் முன்னால் போய் நின்று சொல்லட்டும்.

சரி, மரம். இராசாதித்தன் படையோடு தங்கியிருந்த ஊர் திருநாவலூர். அது சுந்தரர் பிறந்த ஊர். அங்கே இருந்த இளவரசனுக்கு நெருக்கமான ஒருவன் கடைசியில் வந்து சேர்ந்தது, சுந்தரர் மகிழமரத்தடியில் சத்தியம் செய்த ஒற்றியூரில். இந்த இரண்டு ஊரும் ஒரு மனிதன் வாழ்க்கையில் சேர்ந்துவிட்டது தெரிந்ததும் எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. மரத்தை நான் கூட்டிவரவில்லை. அது முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கதையை எனக்குச் சொன்னது என் ஆயா. சந்நிதித் தெருவில் பூக்கட்டி விற்றவள். ஈர வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு அரும்பு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து, கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பாள். கண் பூவைப் பார்க்காது, தெருவைப் பார்க்கும். மகிழம்பூவை மட்டும் கட்டமாட்டாள். அதற்கு நடுவில் துளை உண்டு, கோத்தாலே போதும். காய்ந்து பழுப்பான பிறகும் வாசனை விடாது. சங்கிலி நாச்சியாரும் சாமிக்கு மாலை தொடுத்தவள் என்பதில் ஆயாவுக்கு அப்படி ஒரு பெருமை.

சங்கிலி ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவள். கன்னிமாடத்தில் இருந்து பூத்தொண்டு செய்தவளைத் திரை விலகிய நேரத்தில் சுந்தரர் பார்த்துவிட்டார். திருவாரூரில் மனைவி பரவை இருக்கும்போதே இவளும் வேண்டுமென்று சாமியிடம் கேட்டார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தால்தான் ஆகும் என்று ஆனது. சந்நிதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று, அந்த நேரம் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சாமியையே கேட்டுக்கொண்டார். சாமியும் தலையாட்டிவிட்டு, சங்கிலியிடம் போய் மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். வசந்தம் வந்ததும் சுந்தரருக்கு ஆரூர் நினைவு வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண் இரண்டும் போயிற்று. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண்.

இந்த இடத்தில் ஆயா நாரை நிறுத்திவிடுவாள். “அவருக்குக் கண்ணு திரும்பி வந்துச்சு. இவளுக்கு இன்னாடி வந்துச்சு?” என்பாள். கயிலையில் அவள் அம்பிகையின் தோழி அநிந்திதையாகத் திரும்பப் போய்ச் சேர்ந்தாள் என்று பெரியவர்கள் சொன்னால், “அது செத்ததுக்கு அப்பால. நான் கேக்கறது மறுநாள் காலையில” என்பாள்.

தம்பி, சாமி மரத்தடிக்கு இடம் மாறுகிறார், எல்லை தாண்டினால் கண் போகிறது. சேக்கிழார் இத்தனை அதிசயத்தையும் எழுதுகிறார், எதையும் இலவசமாக விடவில்லை. சாமியின் தோழனுக்கே சலுகை இல்லை, கண்ணைக் கொடுத்தாக வேண்டும். சின்னப்பிள்ளைக் கதையில் மந்திரம் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும், யாரும் எதையும் இழக்கமாட்டார்கள். என் நாவலில் மரம் இரண்டே முறைதான் பேசுகிறது. முதல் முறை சத்தியத்தைக் கேட்டுக்கொள்கிறது. இரண்டாம் முறை வசூலிக்கிறது. சுந்தரர் சத்தியத்தை மீறினார், கண் போயிற்று. என் வல்லபன் சத்தியத்தைக் காத்தான், தலைவன் போனான். அந்தத் துக்கம் தாங்காமல் கங்கைக்குக் கிளம்பியபோது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. மீறியதற்கும் காத்ததற்கும் சேர்த்து விலை கொடுத்தவள் அந்த உப்பளத்துப் பெண். அவள் மறுநாள் காலையில் என்ன செய்தாள் என்பதற்காகத்தான் கடைசி நாற்பது பக்கமும். மடத்து வாசல் வழியாக உப்புக்கூடை போகும் இடத்தை இன்னொரு தரம் படியுங்கள். இரண்டாம் பாகம் பற்றி இப்போது பேச வேண்டாம்.

கல்லில் இருப்பதை எழுத எனக்குப் பயம் இல்லை, அதற்குக் கல்லே சாட்சி. நானாகச் சேர்த்த பெண்ணுக்கு என்னைத் தவிர யாரும் சாட்சி இல்லை. அவள் பொய்யாகிவிட்டால் மொத்தப் பழியும் என்மேல்தான். அதனால்தான் கல்வெட்டுப் பகுதியை ஒருமுறையும் அவள் பகுதியைத் திரும்பத் திரும்பவும் எழுதினேன். கல்கியின் நந்தினியும் கற்பனைதான். அவளுக்காக ராத்திரி விழித்திருந்து படித்தவர்களிடம் போய்க் கதைதானே என்று சொல்லிப் பாருங்கள், வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அந்த நண்பரிடம் ஒன்று கேளுங்கள். தக்கோலத்தில் தலைவன் விழுந்தபோது வல்லபன் எங்கே இருந்தான்? வேறு முனைக்கு அனுப்பியிருப்பார்கள் என்பார். காய்ச்சலில் கிடந்திருப்பான் என்பார். காரணம் கல்லில் இல்லை, ஆகவே அவர் எதைச் சொன்னாலும் அதுவும் அவர் கட்டிய கதைதான். அந்தக் காரணத்துக்காக அந்த மனிதர் கங்கைவரை போய் நீராடி, மிச்ச வாழ்நாளைத் துறவில் கழிப்பாரா என்று கேளுங்கள். கழிப்பார் என்று அவர் உங்களை நம்பவைத்தால் எனக்கு எழுதுங்கள், நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்