நீல் யங்கின் இசைப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: அறுபது ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழும் நீல் யங்கைக் கனடாப் பாடகர் என்று சொல்வது பொருந்துமா?

பதில்: முழுமையாகப் பொருந்தும். 1945இல் டொரொண்டோவில் பிறந்த அவர், ஒன்டாரியோவின் ஒமெமீ என்ற சிற்றூரில் 1951இல் இளம்பிள்ளைவாதம் கண்டு பிழைத்து, பெற்றோர் பிரிந்தபின் தாயுடன் வினிபெக் சென்று, அங்கேதான் முதல் குழுக்களில் வாசித்தார். 1966இல் பழைய சவ ஊர்தி ஒன்றை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது, சாலை நெரிசலில் இசைக்கலைஞர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் குழுவினர் அவரைக் கண்டுகொண்டதால் 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' என்ற இசைக்குழு பிறந்தது. ஆயினும் 1970இல் வந்த 'ஹெல்ப்லெஸ்' பாடலில் அவர் மனம் திரும்பிச் செல்வது வட ஒன்டாரியோவின் ஓர் ஊருக்குத்தான்.

கேள்வி: கிட்டார் பழகுகிறேன். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பவரை ஏன் இவ்வளவு போற்றுகிறார்கள்?

பதில்: 'சினமன் கேர்ள்' பாடலின் தனிவாசிப்பைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் டி சுரத்துக்கு இறக்கிச் சுருதி கூட்டி, ஒரே சுரத்தையே அடித்துக்கொண்டிருப்பார்; அடியில் அவரோடு வாசிக்கும் 'கிரேஸி ஹார்ஸ்' குழுவின் தாளம் நகர நகர, அந்த ஒற்றைச் சுரத்தின் நிறம் மாறிக்கொண்டே போகும். 'ஓல்ட் பிளாக்' என்று அவர் அழைக்கும் கிட்டார், கறுப்பு வண்ணம் பூசிய 1953ஆம் ஆண்டு கிப்சன் லெஸ் பால். அதிலுள்ள, தந்திகளின் இறுக்கத்தை மாற்றும் பிக்ஸ்பி நெம்புகோலை இடைவிடாமல் அசைப்பதால் சுரம் நடுங்குகிறது. சிறிய ஃபெண்டர் டீலக்ஸ் ஒலிபெருக்கியை எல்லைவரை முடுக்குவதால் ஒலி கிழிகிறது. விரல் வேகத்தைப் பயின்றால் இது வராது. ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று பழகிப் பாருங்கள்.

கேள்வி: 1972இல் 'ஹார்வெஸ்ட்' தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதே பாணியைத் தொடராதது தவறில்லையா?

பதில்: இல்லை என்பதே என் உறுதியான கருத்து. அந்தத் தொகுப்பின் மென்மைக்கு முதுகுவலியும் ஒரு காரணம். கனமான மின்கிட்டாரைத் தாங்க முடியாத காலம் அது. அந்த ஆண்டு நவம்பரில், ஒத்திகையில் வாசிக்க இயலாத நிலையில் இருந்த நண்பரும் 'கிரேஸி ஹார்ஸ்' கிட்டார் கலைஞருமான டேனி விட்டனை, அவரது வீட்டுக்கே யங் திருப்பி அனுப்பிவைத்தார். அன்றிரவே விட்டன் இறந்துபோனார். 'சினமன் கேர்ளில்' யங்கோடு இணைந்து ஒலிக்கும் குரல் அவருடையது. அடுத்த ஆண்டு பதிவாகி 1975இல் வெளிவந்த 'டுநைட்ஸ் த நைட்' தொகுப்பு அந்தத் துயரத்தின் பதிவு. குரல் உடையும் இடங்களைக்கூடத் திருத்தாமல் விட்டிருக்கிறார். 'ஹார்வெஸ்ட்' தொகுப்பின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாடல் தம்மை நடுச்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியதாகவும், அது சலித்துச் சாலையோரப் பள்ளத்தை நோக்கித் திரும்பியதாகவும் அவரே பின்னர் எழுதினார்.

கேள்வி: அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனமே அவர்மீது வழக்குப் போட்டது உண்மையா?

பதில்: உண்மை. அவருக்கே உரிய பாணியில் இல்லாத இசைத்தட்டுகளைத் தருகிறார் என்று 1983இல் ஜெஃபன் நிறுவனம் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. சர்ச்சைக்குள்ளான 'டிரான்ஸ்' தொகுப்பில் அவர் குரல் இயந்திரத்தின் வழியே ஒலிக்கிறது. மூளைவாதத்தால் பேச இயலாத மகனோடு தொடர்புகொள்ள முயன்ற தந்தையின் பாட்டு அது. அதை அறிந்து கேட்டால் அந்தக் குரல் அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1969ஆம் ஆண்டின் 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்' தொகுப்பிலிருந்து. ஒன்பது நிமிடம் நீளும் 'டவுன் பை த ரிவர்' அதில்தான் இருக்கிறது. இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.