எல்லை கடக்க உதவும் ஓட்டுநர் உரிமம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டெட்ராய்ட் வாசகர்: மிச்சிகனின் மேம்பட்ட ஓட்டுநர் உரிமம் (Enhanced Driver's License) கையில் இருந்தால், காரில் கனடாவின் வின்சர் நகருக்குப் போய்வர பாஸ்போர்ட் தேவையில்லையா?

நீங்கள் அமெரிக்கக் குடிமகன் என்றால் தேவையில்லை. தரை வழியாகவும் கடல் வழியாகவும் நாடு திரும்பும் குடிமக்கள் தங்கள் குடியுரிமையை ஆவணத்தால் காட்ட வேண்டும் என்ற விதி 2009 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனால் எல்லையோர மக்களுக்கு ஏற்படவிருந்த சிரமத்தைக் குறைக்கவே, குடியுரிமையையும் சேர்த்து உறுதிசெய்யும் இந்த உரிமம் உருவானது. 2008-இல் வாஷிங்டன் மாநிலம் முதலில் வழங்கியது. இன்று நியூயார்க், வெர்மான்ட், மிச்சிகன், மின்னசோட்டா ஆகியவற்றையும் சேர்த்து 5 மாநிலங்களில் மட்டுமே கிடைக்கிறது.

பஃபலோ வாசகி: என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. நானும் விண்ணப்பிக்கலாமா?

முடியாது, அம்மா. இந்த உரிமம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. நீங்கள் கனடா போய்வர உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.

சியாட்டில் வாசகர்: என் உறவினரின் வேறு மாநில உரிமத்தில் நட்சத்திரம் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். அந்த நட்சத்திரம், 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானப் பயணத்துக்குக் கேட்கப்படும் ரியல் ஐடி (Real ID) என்ற அமெரிக்க அடையாள அட்டைத் தரத்தைக் குறிக்கிறது. அதை மட்டும் காட்டி எல்லையைக் கடக்க முடியாது. மேம்பட்ட உரிமத்தின் முகப்பிலோ அமெரிக்கக் கொடி அச்சிடப்பட்டிருக்கும். அது எல்லை கடக்கவும் உள்நாட்டு விமானப் பயணத்துக்கும் செல்லும்.

அதே வாசகர்: மேம்பட்ட உரிமத்திலுள்ள மின்னணுச் சில்லிலிருந்து (chip) என் விவரங்களைத் திருட முடியுமா?

சில்லில் உங்கள் பெயரோ பிறந்த தேதியோ இல்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. எல்லைச் சாவடியை நெருங்கும்போது அங்குள்ள வருடி (scanner) அந்த எண்ணைப் படிக்க, உங்கள் விவரங்கள் அரசின் தரவுத்தளத்திலிருந்து அதிகாரியின் திரைக்கு வருகின்றன. ஆயினும் தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய சில்லு என்பதால், அதைத் தடுக்க உடன் தரப்படும் உறையைத் தூக்கி எறியாதீர்கள். சாவடிக்கு முன் அட்டையை உறையிலிருந்து எடுத்துப் பிடித்து, கடந்ததும் மீண்டும் உறைக்குள் வைப்பதே என் வழக்கம்.

டொராண்டோ வாசகர்: ஒன்டாரியோவிலும் இது இருந்ததே?

இருந்தது, 2019-இல் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் பாஸ்போர்ட்டையே நம்ப வேண்டும்.

ரோச்செஸ்டர் வாசகி: காரில் போய், விமானத்தில் திரும்பலாமா?

கூடாது. கனடாவிலிருந்து வரும் விமானத்தில் இந்த உரிமம் செல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், டொராண்டோவில் திருமணத்துக்குச் சென்ற இடத்தில் கார் பழுதாகி, விமானச் சீட்டு எடுக்கப் போனபோதுதான் இதை அறிந்தது. கைக்குழந்தையோடு இரவுப் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். ஆகவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதையும் பையில் வைத்துக்கொண்டே புறப்படுங்கள்.